வீடு சந்திப்பு இனி எதற்கு?

வாசகர் கேள்வி, 9 ஜூன் 2024

எங்கள் சேகரத்துக்கு (ஒரே போதகரின் கீழ் உள்ள சபைகள்) புதிதாக வந்த ஐயர், அதாவது போதகர், வீடு வீடாக வருகிறார். நல்ல மனிதர்தான். ஆனால் வேலை முடிந்து அக்கடா என்று உட்காரும் நேரத்தில் காலிங் பெல் அடிக்கிறது. ஜெபக் குறிப்பு இருந்தால் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறோம். வசனம் தினமும் குரூப்பில் வருகிறது. பிரசங்கம் யூடியூபில் வேண்டிய மட்டும் கிடைக்கிறது. வீட்டுக்கு வரும் நேரத்தில் அவர் ஞாயிற்றுப் பிரசங்கத்தைக் கொஞ்சம் தயாரித்தால் சபை பிழைக்கும். வீடு சந்திப்பு மாட்டுவண்டிக் காலத்து ஊழியம் என்பது என் கருத்து. போதகர்கள் யாராவது பதில் சொல்லுங்கள்.

9 ஜூன், இரவு

நான் போதகன். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), செம்மணல் தேரிக்காட்டை ஒட்டிய ஒரு சேகரம். தாய்ச்சபை ஒன்று, சுற்றிலும் கிளைச் சபைகள்.

காலிங் பெல் விஷயத்தில் நான் உங்கள் கட்சி. முந்தின நாளே போன் செய்துவிட்டுத்தான் போக வேண்டும். மற்றதில் ஒத்துப்போக முடியவில்லை. பிரசங்கத்தை எங்கே தயாரிக்கிறோம் என்று நினைக்கிறீர்கள்? விளக்கவுரையைப் புரட்டினால் வசனத்தின் பின்னணி கிடைக்கும். அதைக் கேட்கப்போகிறவர் யார் என்பது அதில் இருக்காது. லூக்கா 15, வீட்டை விட்டுப் போன மகனைத் தகப்பன் திரும்பச் சேர்த்துக்கொள்ளும் இளைய குமாரன் உவமை என்று வையுங்கள். மூன்றாவது பெஞ்சில் உட்காரும் தகப்பனோடு அவர் மகன் பேச்சை நிறுத்தி வருஷக்கணக்காகிறது. இது எனக்குத் தெரிந்தால் நான் பேசும் விதமே மாறும். தெரியாவிட்டாலும் நன்றாகத்தான் பேசுவேன். நடுவில் அவர் எழுந்து வெளியே போவார். மற்றவர்கள் வாசலில் கை கொடுத்து, "இன்னைக்குப் பிரசங்கம் அருமை ஐயரே" என்பார்கள்.

11 ஜூன்

ஆயிரம் குடும்பம் இருக்கிற சபையில் எல்லா வீட்டுக்கும் போவது நடக்கிற காரியமா என்று ஒருவர் கேட்கிறார்.

ரிச்சர்ட் பாக்ஸ்டர் என்ற போதகர் 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கிடர்மின்ஸ்டரில் இதை முறை வைத்துச் செய்தார். 800க்கு மேல் குடும்பங்கள். திங்களும் செவ்வாயும் இதற்கென்றே ஒதுக்கினார். வாரத்துக்கு 15, 16 குடும்பங்களைப் பார்த்தால் வருஷத்தில் ஒரு சுற்று வந்துவிடும் என்பது அவர் கணக்கு. பெருக்கிப் பாருங்கள், சரியாக வரும். அவருக்குச் சேகர கமிட்டி கிடையாது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

12 ஜூன்

பாக்ஸ்டர் எல்லா வீட்டுக்கும் போகவில்லையே, டவுன்காரர்கள் அவரிடம்தானே வந்தார்கள் என்று கேள்வி வந்திருக்கிறது. ஆமாம். டவுன் மக்கள் அவரிடம் வந்தார்கள், சுற்றுப்புறத்துக்கு அவருடைய உதவியாளர் போனார். அதனால் என் வாதம் விழுந்துவிடாது. குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து பேசினார்கள் என்பதுதான் அதில் முக்கியம். ஆனால் அந்த உதவியாளர் யார் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? பாக்ஸ்டர் பெயர் நிற்கிறது. வெயிலில் போனவர் பெயர் நிற்கவில்லை. (இங்கிலாந்தில் வெயில் ஏது என்று யாரும் கேட்க வேண்டாம்.)

18 ஜூன்

அந்த உதவியாளரையே நினைத்துக்கொண்டிருந்ததில் நம் ஊர் உபதேசிமார் (குருப்பட்டம் பெறாமல் கிராமச் சபைகளைப் பார்த்துக்கொண்ட ஊழியர்கள்) ஞாபகம் வந்துவிட்டது.

கால்டுவெல் 1841இல் சென்னையிலிருந்து கால்நடையாகவே தெற்கே வந்து இடையன்குடியில் தங்கினார் என்று எல்லா ஆண்டுவிழா மலரிலும் போடுகிறோம். போட வேண்டியதுதான். ஆனால் அதற்கு வெகு முன்பிருந்தே இந்தப் பக்கத்துக் கிராமங்களில் வாசல் வாசலாக ஏறி இறங்கியவர்கள் உபதேசிமார். முதலூர் 1799இல் உருவானதற்குப் பின்னால் இருந்த சுந்தரானந்தம் தாவீது அப்படிப்பட்டவர். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனெரி இரேனியஸ் ஊருக்கு ஊர் உபதேசிமாரை வைத்துத்தான் சபைகளை வளர்த்தார். அவர்களை எந்த முறையில் குருப்பட்டம் கொடுத்துப் போதகராக்குவது என்பதில், அவரை அனுப்பிய சி.எம்.எஸ். மிஷனெரி சங்கத்தோடு வந்த பிணக்கு, 1835இல் அவர் பிரிந்ததற்கு ஒரு முக்கிய காரணம். வீட்டுக்குப் போகிறவர் ஒருவர், அப்பமும் திராட்சரசமும் கொடுக்கும் திருவிருந்தில் அப்பம் பிட்கிறவர் வேறொருவர் என்ற ஏற்பாடு அன்றைக்கே உறுத்தியிருக்கிறது.

இன்றைக்கும் அந்த ஏற்பாடு மாறவில்லை. கிளைச் சபைக்கு நான் திருவிருந்து கொடுக்கப் போவேன். அங்கேயே குடியிருப்பவர் சபை ஊழியர், இந்தக் காலத்து உபதேசியார். யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை, யார் பெண்ணுக்கு வரன் தட்டிப்போனது, யார் மருந்தை நிறுத்திவிட்டார், எல்லாம் அவருக்குத் தெரியும். அவர் சம்பளத்தை இங்கே எழுதினால் வெட்கக்கேடு. மைக் செட்டுக்குச் செலவழிக்கிற சபைகள் உபதேசியாருக்கு என்றால் தீர்மானத்தை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கும். எந்தச் சேகரம் என்று கேட்காதீர்கள், எல்லாம் அப்படித்தான்.

2 ஜூலை

கொஞ்சம் சிரிக்கலாம். புதிதாகக் குருப்பட்டம் பெற்ற தம்பி ஒருவர், சந்திப்புக்குப் போக ஏதாவது குறிப்பு கொடுங்கள் என்று கேட்டார்.

கருப்பட்டிக் காப்பி முதல் வீட்டில் அமிர்தம், ஆறாவது வீட்டில் தண்டனை. வேண்டாம் என்றால் கோபம் வரும். பாதி குடித்தால், "காப்பி நல்லா இல்லையோ?" என்பார்கள். பதநீர் காலத்தில் இன்னும் மோசம், செம்பில் வரும்.

எட்டு மணிக்கு மேல் போகாதீர்கள். சீரியலை அணைக்க மாட்டார்கள், சத்தத்தை மட்டும் குறைப்பார்கள். நீங்கள் சங்கீதம் வாசிக்கும்போது வீட்டுக்காரம்மா கண் உங்கள் தோளுக்குப் பின்னால் போகும். என்னதான் நடக்கிறது என்று உங்களுக்கும் திரும்பிப் பார்க்கத் தோன்றும். பார்க்கக் கூடாது.

"சரி ஐயரே, ஜெபம் பண்ணிருங்க" என்றால் கிளம்பச் சொல்கிறார்கள். ஜெபம் முடித்த பிறகு உட்காரவே கூடாது. ஆனால் ஒன்று, செருப்பு மாட்டும்போது, வாசல்படியில், "ஐயரே, ஒரு விஷயம்" என்று மெதுவாகத் தொடங்குவார்கள். வந்ததே அதற்காகத்தான். அரைமணி நேரம் உள்ளே பேசியதெல்லாம் முன்னுரை.

3 ஜூலை

நாயை விட்டுவிட்டீர்களே என்கிறார்கள். நாயைப் பற்றி எனக்கு நல்ல வார்த்தை எதுவும் இல்லை.

21 ஜூலை

நேற்று ஒரு பெண் எழுதியிருந்தார்: "எங்கள் தெருவுக்கு ஐயர்மார் வந்தால் நின்றுகொண்டே ஜெபித்துவிட்டுப் போவார்கள். உட்கார்ந்ததில்லை, ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை. வீடு சந்திப்பை இவ்வளவு உயர்த்திப் பேசுகிறீர்களே, யார் வீட்டுச் சந்திப்பு?"

இதற்கு எளிதான பதில் கிடையாது. முன்பு நான் இருந்த ஒரு சேகரத்தில், வந்த முதல் வாரமே பெரியவர் ஒருவர் அக்கறையாகச் சொன்னார்: "ஐயரே, அந்தத் தெருவுல ஜெபம் மட்டும் போதும். காப்பி கீப்பி வேண்டாம். அப்புறம் இந்தப் பக்கம் சங்கடம்." இருவரும் ஒரே கோயிலுக்கு வருகிறவர்கள், ஒரே பாத்திரத்தில் திராட்சரசம் வாங்குகிறவர்கள். நான் அந்தத் தெருவில் உட்கார்ந்தேன், குடித்தேன். அடுத்த வாரம் பெரியவர் வீட்டுக்குப் போனபோது, எல்லோருக்கும் எவர்சில்வர் டம்ளர், எனக்கு மட்டும் பேப்பர் கப். ஒரு வார்த்தை பேசவில்லை. உபசாரத்துக்கு ஒரு குறையும் இல்லை. முறுக்குகூட வைத்தார்கள்.

இதைச் சொல்லி எனக்கு நானே மெடல் குத்திக்கொள்ள வரவில்லை. நான் அங்கிருந்து மாறுதலாகி வந்துவிட்டேன். அந்தப் பேப்பர் கப் எனக்குச் சில வருஷம், அந்தத் தெருவுக்குத் தலைமுறை தலைமுறையாக. பிரசங்க பீடத்திலிருந்து "கிறிஸ்துவுக்குள் யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை" என்று ஆயிரம் தடவை சொல்லலாம், யாருக்கும் வலிக்காது. ஆமென்கூடச் சொல்வார்கள். எந்த வீட்டு நாற்காலியில் ஐயர் எவ்வளவு நேரம் உட்கார்ந்தார் என்பதை ஊரே எண்ணும். அந்தச் சகோதரி கேட்டதும் அதுதான். மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் தியாபிலஸ் அப்பாவு, எங்கள் தலைமுறை மாணவர்களுக்குப் பரட்டை அண்ணன், எல்லோரும் ஒரே உலையில் சமைத்துச் சாப்பிடுவதையே இறையியலாகப் பேசினார், பாடினார். 2005இல் மறைந்தார். அவர் பாட்டைப் பாடுகிற சபைகள் உண்டு. ஒரே உலை வைத்த சபைகளைத் தேட வேண்டும்.

அசன பண்டிகையில், சபையார் எல்லோருக்குமான விருந்தில், ஒன்றாகச் சாப்பிடுகிறோமே என்று யாரோ கீழே எழுதப்போகிறீர்கள். சரி. அண்டா ஒன்றுதான். பந்தியில் யார் பக்கத்தில் யார் என்றும் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

24 ஜூலை

மேலே உள்ளதைப் படித்துவிட்டு, "அப்படியானால் வீடு சந்திப்பே சாதியைக் காப்பாற்றுகிறது, நிறுத்திவிடலாமே" என்று ஒருவர். இரண்டு நாள் யோசித்தேன். நின்றுகொண்டே ஜெபித்தவர்கள் வராமலே இருந்திருந்தால் அந்தத் தெருவுக்கு என்ன லாபம்? உட்காராதது தெரிந்தது, அவர்கள் வந்ததால்தான். நான் இன்னும் போகத்தான் சொல்கிறேன். பட்டியலைத் தலைகீழாக வைத்துக்கொண்டு போக வேண்டும். முதல் வாரத்தில் எந்தத் தெருவுக்குப் போகிறாரோ அதுதான் அந்த ஐயரின் முதல் பிரசங்கம். மீதியெல்லாம் சும்மா.

9 ஆகஸ்ட்

ஐயரம்மாவைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று வீட்டிலிருந்தே கண்டனம்.

நியாயம்தான். புருஷன் குடித்துவிட்டு அடிக்கிற வீட்டில் என்னிடம், "வேலை ஜாஸ்தி, களைப்பா இருக்காவ ஐயரே" என்பார்கள். அதே பெண் என் மனைவியை அடுக்களைக்குக் கூப்பிட்டுக்கொண்டுபோய்க் கையைக் காட்டுவாள். பெண்கள் ஐக்கிய சங்கத்துக் கூட்டம், துக்க வீடு, பிள்ளை பெற்ற வீடு, இதற்கெல்லாம் சம்பளமில்லாமல் ஒரு ஊழியரைத் திருமண்டலம் (ஒரு பேராயரின் கீழ் உள்ள சேகரங்கள்) எங்கள் கல்யாணத்தோடு சேர்த்துப் பெற்றுக்கொண்டது. நம் சபையில் பெண்கள் குருவாகத் தொடங்கியது 1976இல். முதல் பெண் பேராயர் 2013இல், நந்தியால் திருமண்டலத்தில். இருந்தும் பல சேகரங்களில் பெண் குரு என்றால் இன்னும், "எங்களுக்கு ஆம்பள ஐயர் தாங்க" என்று மனு போகிறது. மனு எழுதுகிறவர்கள் அடுக்களைப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

(மனைவி இதைப் படித்துவிட்டு, "களைப்பா இருக்காவ" வரைக்கும் சரி, மீதி பிரசங்கம் என்கிறாள்.)

14 செப்டம்பர்

கொரோனா காலத்தில் போன் போதுமானதாக இருந்ததே என்ற கேள்விக்கு இப்போதுதான் வர முடிந்தது.

2020 மார்ச்சில் கோயில் கதவை அடைத்தோம். எங்கள் தாய்ச்சபை போன்றவற்றைத் திறக்க செப்டம்பர் ஆயிற்று. அந்த மாதங்களில் போனில்தான் சந்திப்பு. ஒத்துக்கொள்கிறேன், சிலருக்கு அது நேரில் பார்ப்பதைவிட நன்றாகவே வாய்த்தது. முகம் தெரியாததால் வாய்விட்டு அழுதார்கள். வெட்கப்படுகிற இளைஞர்கள் மெசேஜில் எழுதினார்கள், நேரில் ஒரு வார்த்தை பேசாதவர்கள். ஆகவே போனை நான் இழிவாகப் பேசுவதில்லை, இன்றும் அவர்களில் சிலர் அதில்தான் பேசுகிறார்கள்.

போன் எடுக்காதவர்களை என்ன செய்வது என்பதுதான் சிக்கல். காது கேளாத கிழவி, ரீசார்ஜ் போட முடியாத வீடு, எடுத்தால் கடன்காரனாக இருக்குமோ என்று எடுக்காதவர். வாட்ஸ்அப் குரூப்பில் "ஆமென்" போடுகிறவர்களை எனக்கு எப்படியும் தெரியும். போடாதவர்களைத் தேடித்தான் போக வேண்டியிருக்கிறது. மத்தேயு 25இல் "வியாதியாயிருந்தேன், என்னை விசாரிக்க வந்தீர்கள்" என்றுதான் இருக்கிறது. வியாதிக்காரர் தகவல் அனுப்பியதாக அங்கே எழுதியிருக்கவில்லை.

6 அக்டோபர்

தலைப்பை விட்டு விலகுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அறுப்பின் பண்டிகையில் காணிக்கையாக வந்த விளைபொருள்களின் ஏலம் நடந்தது. ஒரு பூசணிக்காய். கடையில் வாங்கினால் நூறு ரூபாய் பெறாது. அது ஆயிரங்களில் ஏறிக்கொண்டே போகிறது. கூட்டத்துக்கு ஒரே குஷி, பொருளாளர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். ஏலம் கேட்டவர்கள் அண்ணன், தம்பி. கிணற்றுப் பங்கில் வழக்கு கோர்ட்டில் கிடக்கிறது. ஏலம் போனது பூசணிக்காய் இல்லை என்பது அங்கே மூன்று பேருக்குத்தான் தெரியும். நான் ஒருவன்.

இதே அண்ணன் தம்பி திருவிருந்து ஆராதனையில் சமாதானம் கொடுக்கும்போது என்ன செய்வார்கள் தெரியுமா? நம் சபையின் 1950 வழிபாட்டு முறையில் அதைச் சேர்த்தார்கள். கேரளத்துச் சிரியன் சபைகளிலிருந்து வந்த வழக்கம், கையோடு கை வைத்து ஒருவர் அடுத்தவருக்குக் கொடுப்பது. பிறகு மற்ற நாட்டுச் சபைகளும் இதைப் பார்த்து எடுத்துக்கொண்டன. அவ்வளவு பேர்பெற்ற சமாதானம் எங்கள் கோயிலில் நாலாவது பெஞ்சு ஓரத்தில் ஒவ்வொரு முறையும் நின்றுபோகும். தம்பி அந்த நேரம் பார்த்து இருமுவார்.

சபைத் தேர்தல் வருகிறது, அதையும் எழுதுங்கள் என்கிறீர்கள். சுருக்கமாக: தேர்தல் வருஷத்தில் ஐயர் யார் வீட்டுக்குப் போனாலும் ஓட்டுக் கணக்கு. வேட்பாளர்களே ஐயரைவிட நன்றாக வீடு சந்திப்பு நடத்துகிறார்கள், ஜெபமும் பண்ணுகிறார்கள். அந்த மாதங்களில் நான் ஆஸ்பத்திரிக்கும் துக்க வீட்டுக்கும் தவிர எங்கும் போவதில்லை. அதிலும் ஒருவர், "எங்க அணிக்காரர் செத்தா மட்டும் ஐயர் பத்து நிமிஷம்தான் உட்காருதாவ" என்று புகார் சொன்னார்.

10 அக்டோபர்

துக்க வீட்டில் என்ன பேசுவது என்று அந்தத் தம்பி மறுபடி. பேசாதீர்கள். பிள்ளைகளை இழந்த யோபுவின் சிநேகிதர் ஏழுநாள் வாய் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை நல்ல போதகர்கள். பிறகு யோபு வாய் திறந்ததும் பிரசங்கம் ஆரம்பித்தார்கள், 38ஆம் அதிகாரத்தில் தேவனே வந்து நிறுத்த வேண்டியதாயிற்று.

19 டிசம்பர்

வெள்ளம் வந்து ஒரு வருஷம் ஆகிறது. 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் ரயில் அப்படியே நின்றது, ஏரல் பக்கம் வீடுகளுக்குள் ஆற்றுத் தண்ணீர். கரன்ட் இல்லை, டவர் இல்லை. குரூப்பில் யாரும் வசனம் போடவில்லை.

எங்கள் பக்கம் தண்ணீர் குறைவுதான், ஆனாலும் தாழ்வான தெருக்களில் இடுப்பு வரை. வாலிபர் சங்கத்துப் பையன்கள் கோயில் வாசலில் வந்து நின்று, "எங்கே போகணும் ஐயா?" என்று கேட்டார்கள். சபை ஊழியரும் நானும் உட்கார்ந்து வாயாலேயே சொன்னோம். ஓடைத் தெருக் கடைசி வீட்டில் பக்கவாதத்தில் படுத்தவர், பின்கட்டில் கட்டில், முன்வாசல் திறக்காது, பின்பக்கமாகப் போங்கள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இன்சுலின் போடும் அம்மா, மருந்து பிரிட்ஜில் இருக்கும், கெட்டிருக்கும், புதுசு வேண்டும். மேட்டுத் தெரு வயதான தம்பதி, கூப்பிட்டால் வரமாட்டார்கள், ஆட்டைக் கூட்டிவர விட்டால் வருவார்கள். ஆடு ஐந்தும் அன்று ராத்திரி கோயில் வராந்தாவில்தான் படுத்தன. சங்கீதம் 23ஐ அப்படி வாசித்ததில்லை.

இதெல்லாம் குடும்ப அட்டைப் பதிவேட்டில் இல்லை. அதில் ஞானஸ்நானத் தேதியும் சந்தா பாக்கியும் இருக்கும். பின்வாசல் விவரம் காப்பி குடித்த இடத்தில்தான் கிடைத்தது. பையன்களுக்கு இப்போது அது புரிந்திருக்கிறது, மாதம் ஒரு தெரு என்று அவர்களே போகிறார்கள். எந்தச் சபையார் வீடு என்று பார்ப்பதில்லை. அன்று தண்ணீரும் பார்க்கவில்லை.

20 டிசம்பர்

கூட ஒன்று. கேள்வி கேட்டவர் சொன்ன களைப்பு நிஜம், அதை நான் லேசாக எடுத்துக்கொண்டுவிட்டதாக ஒருவர் சொல்கிறார். டவுன் சபைகளில் புருஷன் பெண்டாட்டி இருவரும் வேலைக்குப் போகிற வீட்டுக்கு, மாதச் சந்திப்பு உபத்திரவம்தான். அங்கே வருஷத்துக்கு ஒருமுறை போதும், ஞாயிறு மத்தியானம் போகலாம். வேண்டாம் என்பவர் வீட்டுக்குப் போகாமல் விடுவதும் மரியாதைதான். ஆனால் அவர் ஆஸ்பத்திரியில் படுத்தால் கேட்காமலே போய்விடுவேன், அதற்கு அனுமதி வாங்க மாட்டேன்.

2 ஜனவரி 2025

புத்தாண்டு பிறக்கும் ராத்திரியின் காத்திருப்பு ஆராதனை முடிந்து தூக்கமே இன்னும் தெளியவில்லை. நடு ராத்திரிக்குப் பிறகு, வருஷத்துக்கான வாக்குத்தத்த வசன அட்டையை எல்லோரும் தட்டிலிருந்து எடுத்தார்கள். நல்ல வசனம் வராவிட்டால் இன்னொன்று எடுக்கலாமா என்று கேட்கிற கூட்டம் இந்த வருஷமும் இருந்தது. எடுத்ததைத் திருப்பி வைத்துவிட்டு வேறு எடுத்த ஒரு டீச்சரையும் கவனித்தேன், சொல்லவில்லை.

கல்யாணமே செய்துகொள்ளாத ஒரு பெரியவர், எண்பதைத் தாண்டியவர். அவருக்கு வந்தது ஆதியாகமம் 22:17, "உன் சந்ததியை வானத்து நட்சத்திரங்களைப்போலவும்". கண்ணாடி இல்லாததால் அங்கே வாசிக்கவில்லை. இன்று காலை அவர் வீட்டுக்குப் போனேன். அட்டையை என் கையில் கொடுத்து, மறுபடி ஒருமுறை சத்தமாக வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சரி ஐயரே, அப்ப இனிமே நீங்கதான் பொண்ணு பாக்கணும்" என்றார். காப்பி வந்தது, முழுசாகக் குடித்தேன்.